கத்திரியில் அலசிய இலைகள்

சென்னையில் ஒரு கல்லூரி நூலகத்தில் நான் எழுதிய ஆராய்ச்சி ஏடு ஒன்று இன்னும் இருக்கும், கரையான் அரிக்காமல் இருந்தால். அரித்திருக்க வேண்டும் என்றுதான் பல வருஷங்களாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். அதன் நடுவில் ஒரு பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ஒரு குறிப்பு உண்டு. முதல் ஆண்டுக் கோடையில் எடுத்த மாதிரிகள் களத்தில் வேலை செய்த ஆளின் கவனக்குறைவால் பாழாகிவிட்டன, ஆகவே தள்ளிவிடப்பட்டன என்று அதற்குப் பொருள். ஆங்கிலத்தில் இரண்டே வரி. நல்ல ஆங்கிலம் என்று பேராசிரியர்கூடப் பாராட்டினார். அந்த இரண்டு வரியும் பொய்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது இருக்கும். எழுபதுகளின் தொடக்கம். திருவள்ளூரில் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்கிற குடும்பம் எங்களுடையது. அப்பாவும் அவருக்கு முன்னால் அவருடைய அப்பாவும் பெருமாளுக்குப் பொங்கலும் புளியோதரையும் வடித்துக் கொட்டியவர்கள். நான் ஒருவன்தான் தப்பித்துச் சென்னைக்கு ரயிலேறி விலங்கியல் படித்தேன். படித்தவன் ஏதாவது சிங்கம் புலி என்று ஆராய்ந்திருந்தால் ஊரில் மதிப்பாக இருந்திருக்கும். எனக்கு வாய்த்தது அழுகின இலை.

ஓடையில் விழுகிற இலை என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். விழுந்த உடனே அது அழுகிவிடாது. முதலில் டீத் தண்ணீர்போலச் சாயம் விடும். பிறகு அதன்மேல் வழவழவென்று பூஞ்சை படரும். அந்த வழவழப்பு ஏறிய பிறகுதான் புழுவும் நத்தையும் கூனியிறாலும் வந்து அதைத் தின்னும். கடைசியில் வெறும் நரம்பு மிஞ்சும். அந்த நரம்பு வரைக்கும் போக எத்தனை நாள் ஆகிறது, மார்கழிக் குளிரில் எத்தனை, கத்திரி வெயிலில் தண்ணீர் கொதிக்கிறபோது எத்தனை என்று கண்டுபிடிக்கச் சொன்னார் பேராசிரியர். அப்பாவிடம் இதை விளக்கிச் சொன்னேன். "புளியோதரை எத்தனை நாள்ல ஊசிப்போறதுன்னு ஆராய்ச்சி பண்ணினாலாவது கோயிலுக்கு உபயோகமா இருக்கும்" என்றார்.

பூண்டி போகிற வழியில், ஊரிலிருந்து ஐந்து மைல் தொலைவில் ஓர் ஓடையைப் பிடித்தேன். ஏரி மதகிலிருந்து கசிகிற தண்ணீர் அதில் வருஷம் முழுக்கக் கணுக்கால் அளவாவது ஓடும். இரண்டு கரையிலும் புங்கமரம். கொசுவலைத் துணியில் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து, ஒவ்வொன்றிலும் நிறுத்து எடுத்த புங்கன் சருகைப் போட்டு, நைலான் கயிற்றில் கோத்து, முளையடித்து ஓடையில் கட்டினேன். பத்து நாளைக்கு ஒரு தரம் சில பைகளை எடுத்து, மிச்சம் இருக்கும் இலையைக் காயவைத்து நிறுக்க வேண்டும். எடுத்த பையைப் பிழியக் கூடாது, கசக்கக் கூடாது. ஓடைத் தண்ணீரையே தட்டில் ஊற்றி, அதற்குள் வைத்துப் பையைப் பிரித்து, மெல்லிய தூரிகையால் சேற்றைத் தள்ள வேண்டும். பேராசிரியர் இதை மூன்று முறை சொன்னார். நான் மூன்று முறை தலையாட்டினேன்.

மார்கழியில் கட்டிய பைகளை நானே எடுத்தேன். விடிகிற நேரத்தில் சைக்கிள் மிதித்துப் போய், பல் கிட்டிக்கத் தண்ணீரில் இறங்கி, பைகளை ஈயப் போகணியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன். கொல்லை வழியாக வந்தால் அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வாள். "கர்மம், நேரே மொட்டைமாடிக்கு எடுத்துண்டு போ. சமையலுள் பக்கம் வந்துடாதே" என்பாள். அவ்வளவுதான். மாடி நிழலில் வைத்துப் பிரித்து, தூரிகையால் தள்ளி, உலர்த்தி, மறுநாள் கல்லூரிக்கு எடுத்துப்போய் நிறுத்தேன். மார்கழி, தை இரண்டு மாதமும் கணக்கு ஒழுங்காக வந்தது.

கோடைக்கான பைகளைப் பங்குனியில் கட்டினோம். பேராசிரியரும் வந்திருந்தார். சித்திரையில் உற்சவம். அப்பாவுக்கு மடைப்பள்ளியில் கூட ஓர் ஆள் வேண்டும், நான் ஓடைச் சேற்றில் இறங்கிவிட்டு அங்கே போய் நிற்க முடியாது. ஆகவே பைகளை எடுத்துத் தர ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஓடைக்குப் பக்கத்துக் கழனியில் கூலிவேலை செய்துகொண்டிருந்த ஓர் அம்மாள் வரப்பில் நின்று நாங்கள் செய்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். நெடுநெடுவென்ற உயரம். பேராசிரியர் கூப்பிட்டு ஒரு முடிச்சுப் போடச் சொன்னார். நான் அரை மணி நேரம் முக்கிப் போட்ட முடிச்சை அவள் நொடியில் போட்டு, "தண்ணி இழுத்தாலும் அவுறாதுங்க" என்றாள்.

அவருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஏரிக்குப் பக்கத்தில் கல்லூரி ஒரு சின்ன ஆய்வுக்கூடம் கட்டப்போகிறது என்றும், கண்ணாடிச் சாமான் கழுவவும் பெருக்கவும் பார்த்துக்கொள்ளவும் நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும் என்றும், இந்தக் கோடை வேலையை ஒழுங்காக முடித்தால் அவளையே போட்டுவிடலாம் என்றும் சொன்னார். அவள் மற்ற எதையும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உள்ள தரை சிமிட்டிங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் அவள் காலைப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறிப் பிளந்த சேற்றுப்புண். வருஷம் முழுக்கத் தழை மிதிக்கிற கால். கழனியில் புங்கன் தழையையும் எருக்கந்தழையையும் வெட்டிப் போட்டு, சேற்றுக்குள் காலால் மிதித்து மிதித்துப் புதைக்கிற வேலை அது. "சிமிட்டி தரைதான்" என்றார் பேராசிரியர். "அது போதுங்க" என்றாள் அவள்.

பத்து நாள் உற்சவம் முடிந்தது. என் சோம்பல் முடியவில்லை. அக்னி நட்சத்திரம் பிறந்திருந்தது. திருவள்ளூர் வெயிலைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கே தார் ரோடு இளகி சைக்கிள் டயரில் ஒட்டும். அவள்தான் பழகிவிட்டாளே, அவளே எடுத்து வரட்டும் என்று விட்டுவிட்டேன். பத்து நாளைக்கு ஒரு தரம் விடியலில் பைகளை எடுத்து, ஈரச் சாக்கால் மூடிய வாளியைச் சுமந்து, ஐந்து மைல் நடந்து எங்கள் கொல்லைப்படலுக்கு வெளியே வைப்பாள். நான் அந்நேரம் சென்னை ரயிலில் இருப்பேன். சாயங்காலம் வந்தால் பைகள் மாடியில் சுத்தமாகக் காய்ந்துகொண்டிருக்கும்.

சுத்தமாக. அந்தச் சொல் அப்போதே என்னை உறுத்தியிருக்க வேண்டும்.

ஒரு விடுமுறை நாளில்தான் பார்த்தேன். அவள் படலுக்கு வெளியே, வேப்பமர நிழலைக்கூட விட்டுத் தள்ளி, வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். அம்மா கிணற்றடியில் அந்தப் பைகளை ஒரு கல்லின்மேல் போட்டு, உயரத்திலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொட்டினாள். பிறகு ஒவ்வொரு பையாக எடுத்துத் துணி அலசுகிற மாதிரி அலசி, முறுக்கிப் பிழிந்து, உதறினாள். பையின் வலைக்கண் வழியாகப் பழுப்பாக ஏதோ ஒழுகி வாய்க்காலில் போயிற்று. கடைசியில் வாளியின்மேலும் தண்ணீர் விட்டு, படலுக்கு வெளியே தள்ளிவிட்டாள். அந்த அம்மாள் வந்து வாளியை எடுத்துக்கொண்டு போனாள். வாளிக்காகத்தான் அவள் ஒவ்வொரு தடவையும் காத்து நின்றிருக்கிறாள்.

"அம்மா, அதை அலம்பக் கூடாது" என்றேன்.

"அலம்பாம எப்படிடா உள்ளே விடறது? பெருமாளுக்குத் தளிகை பண்ற குடும்பம். உன் படிப்புக்காக ஆசாரத்தை விட முடியுமா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். அந்தப் பைகளைத் தூக்கி எறிந்துவிட்டு, மறுநாளிலிருந்து நானே சைக்கிளை எடுத்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஓடை அழுக்கு அம்மாவுக்கு அருவருப்பாக இருக்கிறது, பாவம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. எண்கள் பிரமாதமாக வந்துகொண்டிருந்தன. மார்கழியில் இரண்டு மாதம் கிடந்தும் பாதி மிஞ்சிய இலை, கோடையில் இருபதே நாளில் நரம்பாகிவிட்டது என்றது என் நோட்டுப்புத்தகம். வெப்பம் ஏற ஏற இலை விறுவிறுவென்று கரைகிறது என்று வரைபடத்தில் கோடு மலையேறியது. பேராசிரியர் அதைப் பார்த்து முதுகில் தட்டினார். முதுகில் தட்டிய கையை எடுத்துவிடுங்கள் என்று எவன் சொல்வான்?

அதற்கடுத்த முறை அவள் வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். படலுக்கு அப்பாலிருந்தே கூப்பிட்டாள்.

"சாமி, ஒரு விசயம். தழை அழுவல."

"அழுகுது. நான்தான் நிறுக்கிறேனே."

"இல்ல சாமி. தண்ணி கஞ்சி வடிச்சாப்ல சுடுது. நத்தையெல்லாம் செத்து ஓடா கெடக்குது. கூனி ஒண்ணுகூட காணோம். தழை வெந்த கீரையாட்டம் கொழகொழன்னு கீது, ஆனா முழுசாத்தான் கீது. தின்றதுக்கு அங்க இன்னா கீது? நான் கால் வெச்சுப் பாத்தேன்."

"கால் வைத்துப் பார்க்கிறதா ஆராய்ச்சி?" என்றேன்.

என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவளிடம் சொன்னேன். பிறந்ததிலிருந்து தழை அழுகுவதைக் காலால் அறிந்த ஒருத்தியிடம், பங்குனியில் தண்ணீரில் இறங்கியதோடு சரி, அதற்கப்புறம் ஓடைப் பக்கமே போகாத நான் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. "உங்க இஸ்டம்" என்று வாளிக்காகத் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். உள்ளே அம்மா குடத்தைக் கிணற்றில் இறக்கும் சத்தம் கேட்டது.

வைகாசியில் ஒரு நாள் பேராசிரியர் சொல்லாமல் கொள்ளாமல் திருவள்ளூரில் வந்து இறங்கினார். என் வரைபடத்தை எங்கேயோ ஒரு கூட்டத்தில் காட்டப் போகிறாராம், அதற்கு முன் ஓடையை ஒரு முறை பார்க்க ஆசைப்பட்டாராம். வண்டி பிடித்துப் போனோம். அன்று பை எடுக்கிற நாள். அந்த அம்மாள் முட்டளவு புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, தன் கையாலேயே ஒரு பையை அவிழ்த்து, தட்டில் ஓடைத் தண்ணீர் விட்டுப் பிரித்தார்.

இலைகள் இருந்தன. நிறம் வெளுத்து, தொட்டால் குழைகிற பதத்தில், ஆனால் ஓரம்கூடக் கடிபடாமல் முழுசாக இருந்தன. அவள் சொன்னது போலவே. இன்னொரு பையையும் பிரித்தார். அதுவும் அப்படியே. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உன் நோட்டுல இருபது நாள்லயே நரம்புன்னு எழுதியிருக்கே. இது நாற்பது நாள் பை. என்னப்பா இது?"

உண்மையைச் சொல்ல ஒரே வாக்கியம் போதும். எங்கள் வீட்டில் அலம்பிவிட்டார்கள் சார். அவ்வளவுதான். குழைந்த இலையைப் பிழிந்தால் நரம்பு தவிர என்ன மிஞ்சும் என்று அவருக்கு உடனே புரிந்திருக்கும். திட்டியிருப்பார், ஒரு வருஷம் போயிருக்கும், வேறொன்றும் ஆகியிருக்காது. ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் அடுத்த கேள்வி நின்றுகொண்டிருந்தது. தெரிந்தும் ஏன் விட்டாய் என்பார். நான் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் ஆனேன்.

"எடுத்து வர்ற வழியிலே கொட்டியிருக்கும் சார். நான் கூட இல்லை. இவள்தான் எடுத்து வருவாள்."

அவர் அவளைப் பார்த்தார். "பையைப் பிரிச்சியா? வழியில கசக்கினியா?"

"இல்லீங்க. கட்டினது கட்டினபடி கொணாந்து வெச்சங்க."

"அப்புறம் இலை எங்கே போச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. நீ சொல்கிறாயா என்று கேட்கிற பார்வை அது. நான் தட்டிலிருந்த இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்கப்பறம் எனக்கு இன்னா தெரியும்ங்க" என்றாள்.

பேராசிரியர் கெட்டவர் அல்ல. "தப்புப் பண்ணினாக்கூடப் பரவாயில்லை, ஒத்துக்கணும்" என்று மட்டும் அவளிடம் சொன்னார். அந்த வருஷம் ஆய்வுக்கூடம் கட்டி முடித்தபோது சிமென்ட் தரையைப் பெருக்கித் துடைக்க வேறு ஓர் ஆளைப் போட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இருந்த இடத்தில் நான் ஈரம்கூடப் படாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுவருஷக் கோடையில் நானே போனேன். கத்திரியில் விடியலில் சைக்கிள் மிதித்து, சுடுகிற தண்ணீரில் இறங்கி, பைகளை நானே எடுத்து வந்தேன். அம்மா ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்கவில்லை. "கர்மம், மாடிக்கு எடுத்துண்டு போ" என்று பழையபடி மூக்கைப் பொத்திக்கொண்டாள். பரவாயில்லை, போன வருஷம் நான் சொன்னது அம்மாவுக்கு ஏறியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இந்த முறை எண்கள் வேறு கதை சொல்லின. ஓடையின் புழுபூச்சிகள் தாங்குகிற அளவுக்கு மேலே சூடு போனால் அவை செத்துவிடுகின்றன, இலை வேகிறதே தவிரக் கரைவதில்லை என்பதே என் முடிவு. அந்த முடிவுக்குத்தான் பட்டம் கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்கு முன் எங்கள் கொல்லைப்படலுக்கு வெளியே நின்று அவள் எனக்குச் சொன்னது அது. அவளைப் பற்றி அந்த ஏட்டில் இருப்பது அந்த அடிக்குறிப்பு மட்டும்தான்.

அதன்பின் ஏழெட்டு வருஷம் கழித்து, வெளியூர்க் கல்லூரி ஒன்றில் வாத்தியாராக இருந்த நான் விடுமுறைக்கு வந்தபோது அவளைத் தேடிப் போனேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்திருந்த நேரம். அவள் ஊரில் இளவட்டங்கள் பலர் பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டார்கள். அவள் வயதுக்காரிகளை எவன் கூப்பிடப் போகிறான்? கழனியில்தான் இருந்தாள். கூட இரண்டு பெண்களோடு புங்கன் தழை மிதித்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. உயரம் அப்படியே இருந்தது.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றேன். என்னை உடனே கண்டுகொண்டாள்.

"இன்னா சாமி, மறுபடி தழை ஆராச்சியா?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தால் தேவலை என்றிருந்தது. அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டேன். வரப்போரம் வரை வந்தாள், சேற்றை விட்டு ஏறவில்லை.

"அன்னிக்கு நான் உங்களைப் பத்திச் சொன்னது பொய்" என்றேன். முதல் தடவையாக 'உங்களை' என்று வந்தது.

"தெரியும் சாமி."

"எங்க அம்மா அலம்பினதாலதான் இலை போச்சு."

"அதான் பாத்துக்கினு நின்னனே. ஒவ்வொரு தபாவும்."

"பார்த்தீங்களா? அப்ப ஏன் அவர்கிட்ட சொல்லலே? வேலை போச்சே உங்களுக்கு."

அவள் முழங்காலுக்குக் கீழே ஒட்டிய தழையை வழித்து எறிந்தாள். பேஜாராக இருந்திருக்க வேண்டும். குரலில் கொஞ்சம் சூடு ஏறியது.

"சொன்னா, உங்க அம்மா எதுக்கு அலசினாங்கன்னு அந்த ஐயா கேப்பாரு. அத எங்க வாயால நாங்களே சொல்லணுமா?"

எனக்கு விளங்கவில்லை. படித்தவன், பட்டம் வாங்கியவன், நாலு வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவன், விளங்காமல் நின்றேன். "ஓடைச் சேறு, நாத்தம். எங்க அம்மாவுக்கு அது..." என்று இழுத்தேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். குழந்தையிடம் கேட்பது போல நிதானமாகக் கேட்டாள்.

"மொத மொத மார்கயில நீங்களா எடுத்துக்கினு போனீங்களே சாமி. அதே ஓட, அதே சேறு. அப்ப அலசினாங்களா?"

"இல்லே."

"மறு வருசம் கோடையில நீங்களா எடுத்துக்கினு போனத நான் இங்கேருந்து பாத்தேன். அப்ப?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. திரும்பிப் போய், விட்ட இடத்தில் நின்று, தழையின்மேல் கால் வைத்து மிதிக்க ஆரம்பித்தாள். செருப்பைக் கையில் பிடித்தபடி நான் வரப்பிலேயே நின்றேன், கால் காய்ந்திருந்தது.